காத்திருக்கும் சர்வர்: ஒரு பழைய கட்டுரையைப் பற்றிய சில சிந்தனைகள்

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பதை இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் வாழ்வோர் பலமுறை கண்டிருப்பார்கள். வரிசையின் கடைசியில் நிற்கும் ஓட்டுநரிடம் காரணம் கேட்டால், "தெரியல சார், முன்னாடி வண்டி நகரல" என்பார். துறைமுக வாயில் மூடப்பட்டிருக்கலாம். வாயிலில் உள்ள கணிப்பொறி பழுதுபட்டிருக்கலாம். நடுவழியில் ஒரு லாரியின் அச்சு முறிந்திருக்கலாம். தாம் நிற்கும் இடத்தில் இருந்துகொண்டே இம்மூன்றில் எது காரணம் என்று கண்டறிய அவரால் இயலாது. அவருக்குத் தெரிவதெல்லாம் முன்னே நகர்ச்சி இல்லை என்பது ஒன்றுதான்.

தொலைவில் உள்ள சேமிப்புக் கருவியிடம் ஒரு கோப்பைக் கேட்டுவிட்டு, விடை வராமல் நிற்கும் சர்வரின் நிலையும் இதுவே. சேமிப்புக் கருவி நின்றுவிட்டதா, இடையில் உள்ள கேபிள் பழுதா, அல்லது விடை மெதுவாக வந்துகொண்டிருக்கிறதா? சர்வருக்குத் தெரியாது. இந்த அறியாமையைப் பற்றி 1994-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆங்கிலக் கட்டுரையையும், அது குறை கூறிய ஏற்பாட்டையும், நாம் பழுது பார்க்கும் முறையையும் இங்கே ஆராய்வோம். இது வெறும் ஏட்டுச் சிந்தனை அன்று. கட்டுரையாளனாகிய நான் செய்த ஒரு தவறும் இதில் அடங்கியுள்ளது.

ஏற்பாடு என்ன?

சர்வரும் அதன் சேமிப்பகமும் ஒரே பெட்டியில் இருந்த காலம் உண்டு. இன்று பல அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் சர்வர் ஓர் அறையிலும், வட்டுகள் நிறைந்த சேமிப்புப் பெட்டி வேறோர் அறையிலும் இருக்கின்றன. இடையே கேபிளும் சுவிட்சும் உள்ளன. ஒரே பெட்டியில் உள்ள கோப்புகளைப் பல கணிப்பொறிகள் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு கணிப்பொறி பழுதானாலும் கோப்புகள் பிழைத்திருக்கும். இவை பெரிய நன்மைகள்.

இதற்கு வழி வகுத்த முறைகளில் புகழ்பெற்றது, அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்னும் வலைக்கோப்பு முறை. அதன் 2-ஆம் பதிப்பின் விதிகள் 1989 மார்ச்சில் பொது ஆவணமாக வெளியிடப்பட்டன. 3-ஆம் பதிப்பு 1995-இல் வந்தது. 4-ஆம் பதிப்பு 2000-இல் வந்தது.

இதன் மையக் கருத்து எளியது. தொலைவில் உள்ள கோப்புறையை நம் கணிப்பொறியின் ஒரு கோப்புறையைப் போலவே தோன்றச் செய்வது. இதனை 'மவுண்ட் செய்தல்' என்பார்கள். நிரல் எழுதுவோர் தம் நிரலில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கோப்பைத் திற, படி, எழுது, மூடு என்ற பழைய கட்டளைகளே போதும். அவை கேபிள் வழியே சென்று மறுமுனையில் நிறைவேறும்.

தொடக்க காலப் பதிப்புகளில் இன்னொரு நுட்பமும் இருந்தது. சேமிப்புக் கருவி யாரையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. "இக்கோப்பின் 5-ஆவது துண்டைக் கொடு" என்பது போல ஒவ்வொரு வேண்டுகோளும் தன்னளவில் முழுமையாக இருக்கும். ஆகவே சேமிப்புக் கருவி நின்று மீண்டும் எழுந்தால், சர்வர் அதே வேண்டுகோளைத் திரும்ப அனுப்பினால் போதும். இது மிகவும் பாராட்டத்தக்க யோசனை.

ஆனால் எல்லா வேண்டுகோளையும் இரண்டு முறை அனுப்ப முடியாது. "இக்கோப்பை அழி" என்பதை எடுத்துக்கொள்வோம். மறுமுனையில் கோப்பு அழிக்கப்பட்டது. ஆனால் விடை வழியில் தொலைந்தது. சர்வர் மீண்டும் கேட்கிறது. "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்று விடை வருகிறது. நடந்ததோ வெற்றி, கிடைத்ததோ தோல்விச் செய்தி! இதைத் தவிர்க்க, அண்மையில் வந்த வேண்டுகோள்களின் விடைகளைச் சேமிப்புக் கருவி சிறிது காலம் குறித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது. யாரையும் நினைவில் கொள்ளாத கருவிக்குக் கொஞ்சம் நினைவு தேவைப்பட்டுவிட்டது!

1994-ஆம் ஆண்டுக் கட்டுரை

அதே சன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் வால்டோ, ஜெஃப் வையன்ட், ஆன் வோல்ராத், சாம் கெண்டல் ஆகிய நால்வர் 1994 நவம்பரில் 'பரவல் கணிப்பு பற்றி ஒரு குறிப்பு' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். அருகில் உள்ள பொருளையும் தொலைவில் உள்ள பொருளையும் ஒன்றுபோல் நடத்துவது தவறு என்பது அவர்கள் முடிவு. இரண்டுக்கும் இடையே அவர்கள் காட்டும் வேறுபாடுகள் நான்கு: விடை வர ஆகும் தாமதம், நினைவகத்தை அணுகும் முறை, ஒரே நேரத்தில் பலர் செயல்படுதல், பகுதிப் பழுது.

இவற்றுள் பகுதிப் பழுது என்பதே நம் பொருளின் உயிர்நாடி. தனிக் கணிப்பொறி ஒன்று செயலிழந்தால் பெரும்பாலும் முழுமையாகவே செயலிழக்கும். அதில் ஓடிய நிரலும் கூடவே நின்றுவிடும். வலைப்பின்னலில் ஒரு பகுதி செத்திருக்க, மறுபகுதி உயிரோடு இருந்து காத்துக்கொண்டிருக்கும். தான் இருப்பதையே நாம் அறிந்திராத ஏதோவொரு கணிப்பொறி பழுதாகி, நம் கணிப்பொறியைப் பயனற்றதாக்குவதே பரவல் அமைப்பின் இலக்கணம் என்ற கருத்தை லெஸ்லி லாம்போர்ட் 1987-லேயே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தக் குறைக்கு நால்வரும் எடுத்துக்காட்டாகக் கொண்டது தம் நிறுவனத்தின் புகழ்பெற்ற படைப்பான என்.எஃப்.எஸ். முறையையே. வீட்டுப் பண்டத்தை வெளிப்படையாகக் குறை சொன்ன அந்த நேர்மையை முதலில் வணங்க வேண்டும். அவர்கள் கூறுவதன் சாரம் இது. விடை வராதபோது என்ன செய்வது என்பதற்கு அம்முறையில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. 'ஹார்டு மவுண்ட்' என்பது விடை வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே காத்திருக்கும். அதனால் நிரல் உறைந்து நிற்கும். 'சாஃப்ட் மவுண்ட்' என்பது சில முறை கேட்டுப் பார்த்துவிட்டு, "முடியவில்லை" என்று நிரலிடம் பிழைச்செய்தி கூறிவிடும். அருகில் உள்ள வட்டையே மனத்தில் கொண்டு எழுதப்பட்ட நிரல்கள் அத்தகைய பிழையை எதிர்பார்ப்பதில்லை. எனவே இரண்டுமே நல்லவை அல்ல. குறை செய்முறையில் இல்லை; அருகில் உள்ள வட்டுக்காக வகுத்த கட்டளைகளைத் தொலைவில் உள்ள வட்டுக்கும் பொருத்தியதில்தான் இருக்கிறது என்பது அவர்கள் தீர்ப்பு.

இத்தீர்ப்பை நான் படித்தது ஓர் இழப்புக்குப் பிறகுதான். முன்னரே படித்திருந்தால் அந்த இழப்பு நேர்ந்திராது.

நான் செய்த தவறு

வடசென்னையில் கடலுக்கு அருகே உள்ள ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் கெய்கர்-முல்லர் எண்ணியின் அளவீடுகளைக் கணிப்பொறி வழியே பதிவு செய்ய ஒரு சிறு நிரலை நானே எழுதியிருந்தேன். அளவீடுகள் துறையின் சர்வருக்குப் போய், அங்கிருந்து அடுத்த கட்டடத்தில் இருந்த சேமிப்புப் பெட்டியில் பதிவாகும்.

ஒரு மழைக்காலத்தில் தொல்லை தொடங்கியது. கோப்புகளின் பட்டியல் உடனே வரும். சிறிய கோப்பு திறக்கும். பெரிய கோப்பை எடுத்தால் சர்வர் உறைந்து நிற்கும். சேமிப்புப் பெட்டிக்கு 'பிங்' அனுப்பிப் பார்த்தேன். பத்துக்குப் பத்தும் திரும்பி வந்தன. "நெட்வொர்க் சரியாகத்தான் இருக்கிறது" என்று முடிவு கட்டினேன். சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்கினோம். ஒரு நாள் ஓடும். மறுநாள் பழைய கதை. ஆய்வக உதவியாளர் எதையோ அசைத்துவிட்டார் என்ற பேச்சு எழுந்தது. "நான் ஒண்ணும் தொடலை சார்" என்று அவர் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான்.

பிறகு, பலரும் கூறும் ஓர் ஆலோசனையைப் பின்பற்றினேன். 'ஹார்டு' என்பதைச் 'சாஃப்ட்' என்று மாற்றி, காத்திருக்கும் நேரத்தையும் சில வினாடிகளாகக் குறைத்தேன். உறைதல் நின்றது. எல்லோரும் மகிழ்ந்தோம். செய்முறைத் தேர்வு நெருங்கி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்திடும் நேரத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. மூன்று பிரிவு மாணவர்களின் கோப்புகளில் பல பாதியில் முடிந்திருந்தன.

நடந்தது இதுதான். நிரல் எழுதும் அளவீடுகளைச் சர்வர் முதலில் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, "சரி" என்று சொல்லிவிடுகிறது. பின்னர்தான் சேமிப்புப் பெட்டிக்கு அனுப்புகிறது. அது தோல்வியுற்றால், கோப்பை மூடும் வேளையில் பிழைச்செய்தி தருகிறது. நான் எழுதிய நிரலோ கோப்பை மூடும்போது எந்த விடையையும் கேட்பதில்லை! 'சாஃப்ட்' ஏற்பாடு ஓசையின்றித் தரவைச் சிதைக்கக்கூடும் என்ற எச்சரிக்கை, லினக்ஸில் இம்முறைக்கான கையேட்டிலேயே இருக்கிறது. அதையும் நான் பார்க்கவில்லை. மாணவர்கள் படிப்பு விடுமுறையில் வந்து சோதனையை மீண்டும் செய்தார்கள்.

உண்மையான பழுதைக் கண்டுபிடித்தவர் அந்த ஆய்வக உதவியாளரே. சுவிட்சிலிருந்து கேபிள் முனையைப் பிடுங்கிப் பார்த்து, "காசிமேட்டுல போட் பேட்டரி முனையில இதே பச்சைதான் சார் பிடிக்கும்" என்றார். உப்புக் காற்றால் தொடுமுனைகள் அரித்திருந்தன. கேபிள் முனையையும் சுவிட்சையும் மாற்றியதும் தொல்லை தீர்ந்தது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

'பிங்' ஏன் ஏமாற்றியது?

இதற்கு விடை எளிய கணக்கில் இருக்கிறது. அரித்த முனையில் 10 இலட்சம் துகள்களுக்கு ஒன்று பிழையாகிறது என்று கொள்வோம். இங்கே துகள் என்பது 0 அல்லது 1 என்னும் ஒற்றைக் குறி. ஒரு சட்டகத்தில் ஒரு துகள் பிழையானாலும் முழுச் சட்டகமும் தள்ளப்படும்.

சாதாரணப் பிங் சட்டகம் ஏறத்தாழ 100 பைட், அதாவது 800 துகள். அது கெட வாய்ப்பு 1,250-க்கு 1. பத்து முறை போய் வந்தாலும் மொத்தம் 20 சட்டகங்களே. எல்லாமே பிழைக்க 98 விழுக்காடு வாய்ப்பு உண்டு. கோப்பைச் சுமக்கும் முழுச் சட்டகமோ 1,500 பைட், அதாவது 12,000 துகள். அது கெட வாய்ப்பு ஏறத்தாழ 80-க்கு 1. ஒரு மெகாபைட் கோப்புக்கு இத்தகைய சட்டகங்கள் 700-க்கு மேல் வேண்டும். ஆகவே ஒரு கோப்பிலேயே 8 அல்லது 9 சட்டகங்கள் தொலையும்.

தொலைந்ததை மீண்டும் அனுப்ப ஏற்பாடு உண்டு. ஆனால் சட்டகம் தொலைவதை, வழியில் நெரிசல் என்று அனுப்பும் முனை பொருள் கொள்கிறது, வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அரித்த முனை சில நேரம் தொடர்பையே அறுத்தும் விடும். எனவே சிறிய கோப்பு வரும், பெரியது வராது. 'பிங்' சொன்னது பொய்யன்று. நான் கேட்ட கேள்விதான் சிறியது.

கட்டுரையோடு உடன்படுவதும் மாறுபடுவதும்

நால்வரின் அடிப்படைக் கருத்தை என் அனுபவம் உறுதி செய்கிறது. தொலைவை மறைத்தால் பழுதும் மறைந்துவிடும். என் நிரல் அடுத்த கட்டடத்துக்கு எழுதுகிறது என்பதை எழுதியவனாகிய நானே மறந்துபோனேன். ஆயினும் இரண்டு இடங்களில் அவர்களோடு மாறுபட விரும்புகிறேன்.

முதலாவது, பழி முழுவதையும் கட்டளை அமைப்பின் மேல் போடுவது பொருந்தாது. அருகில் உள்ள வட்டும் நிரம்பிப் போகலாம். அப்போதும் எழுதுதல் தோற்கும். விடையைக் கேட்காத நிரல் அங்கும் தவறான நிரலே. தொலைவு என் தவற்றை உண்டாக்கவில்லை, அதனை வெளிப்படுத்தியது.

இரண்டாவது, இரண்டு மவுண்ட் ஏற்பாடுகளையும் ஏறத்தாழச் சம குறையுடையவையாக வைப்பதை நான் ஏற்கவில்லை. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னகத்தின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. இரயில்வேயில் காலப்போக்கில் வேரூன்றிய ஓர் அறம் உண்டு. சிக்னல் கருவி பழுதானால் அது சிவப்பையே காட்ட வேண்டும். பயணிகள் முணுமுணுப்பார்கள், ஆனால் உயிரோடு இருப்பார்கள். காத்திருக்கும் 'ஹார்டு' ஏற்பாடு அந்தச் சிவப்பு விளக்கைப் போன்றது. அது எரிச்சல் தரும். ஆனால் பொய் சொல்லாது. கவனமற்ற நிரலோடு சேர்ந்த 'சாஃப்ட்' ஏற்பாடோ பழுதான சிக்னலில் பச்சை காட்டுவதற்கு ஒப்பானது. தேர்வு மதிப்பெண், எடைமேடைக் கணக்கு, மருந்துச் சீட்டு போன்றவை எழுதப்படும் இடங்களில் நிற்பதே மேல். வெறுமனே படிக்க மட்டும் பயன்படும் கோப்புகளுக்கு வேண்டுமானால் மற்றதை எண்ணிப் பார்க்கலாம்.

சிவப்பு விளக்கு மட்டும் போதாது என்பதும் உண்மை. ஏன் சிவப்பு என்று நிலைய அதிபருக்குத் தெரிய வேண்டும். 'ஹார்டு' ஏற்பாட்டில் சேமிப்புக் கருவி விடை தரவில்லை, இன்னும் முயல்கிறேன் என்ற குறிப்பைச் சர்வர் தன் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. தொடர்பு மீண்டதும் அதையும் எழுதுகிறது. எங்கள் சர்வரிலும் அக்குறிப்புகள் நாள், நேரத்தோடு இருந்தன. அவற்றைப் படிக்காமல் சர்வரை நிறுத்தி இயக்கியவர்கள் நாங்களே.

பழுது பார்க்கும் ஒழுங்கு

நம் பழுது பார்க்கும் முறையின் குறை இங்கேதான் இருக்கிறது. நாம் மருந்துகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கிறோம். நோய் எந்த உறுப்பில் என்று கேட்பதில்லை. உலகத் தரநிலை அமைப்பு 1984-இல் வகுத்த வலைப்பின்னலின் 7 அடுக்குகளை மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அடுக்குகளின் பெரும்பயன் பழுதை இன்ன இடத்தில் என்று ஒதுக்கிக் காண்பதே என்பதை நாம் சொல்லித் தருவதில்லை.

வீட்ஸ்டன் சமனச்சுற்றில் கால்வனாமீட்டர் அசையாவிட்டால் மாணவனிடம் என்ன சொல்கிறோம்? மின்கலத்தைப் பார், சாவியைப் பார், முனைகளைத் தேய், பிறகு மற்றதைப் பார் என்கிறோம். இங்கும் அதே ஒழுங்குதான்.

முதலில் கேபிள். சுவிட்சின் விளக்கு எரிகிறதா? இணைப்பின் வேகம் என்ன? வினாடிக்கு 1,000 மெகாபிட் வேகத்துக்குக் கேபிளின் 4 இணைக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 2 இணைகள் போதும். 1,000 இருந்த இடத்தில் 100 காட்டினால் கம்பியை ஐயுற வேண்டும். பிழையான சட்டகங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பெரிய பிங். 1,472 பைட் தரவோடு அனுப்பினால் தலைப்புகளுடன் சேர்த்துச் சரியாக 1,500 பைட் ஆகும். அதனைத் துண்டாக்காமல், பத்து முறை அன்று, ஆயிரம் முறை அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, பெயர். சேமிப்புப் பெட்டியைப் பெயரால் அழைத்தால் வராமல் எண் முகவரியால் அழைத்தால் வருகிறது என்றால், குறை பெயர்ப் பதிவேட்டில் இருக்கிறது.

நான்காவது, வாயில். என்.எஃப்.எஸ். முறைக்கு 2049 என்ற எண்ணுடைய வாயில் திறந்திருக்க வேண்டும். பழைய பதிப்புகளுக்கு 111 முதலிய வேறு வாயில்களும் தேவை. தீச்சுவர் எனப்படும் பாதுகாப்பு நிரல் அவற்றை மூடியிருக்கலாம்.

ஐந்தாவது, உரிமை. மவுண்ட் ஆகிவிட்டது, ஆனால் எழுத முடியவில்லை என்றால், பயனர் எண் இரு முனைகளிலும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். கருவி பெயரை நம்பாது எண்ணை நம்பும் ஏற்பாடுகள் பல உண்டு.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். செய்ததை நோட்டில் எழுத வேண்டும். சர்வரை நிறுத்தி இயக்குவது கடைசிப் படியாகவே இருக்க வேண்டும். அது நோயோடு சேர்த்துத் தடயத்தையும் கழுவிவிடும். கடற்கரை ஓரத்தில் இருப்போர் கேபிள் முனைகளை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பார்த்து வைப்பது நன்று.

சன் நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் டாய்ச் அதே 1994-இல், வலைப்பின்னல் அமைப்போர் செய்யும் தவறான ஊகங்களைத் தொகுத்தார். அவற்றுள் முதலாவது, வலைப்பின்னல் நம்பத்தக்கது என்பது. இதனோடு இன்னொன்றையும் நான் சேர்த்துக்கொள்வேன்: பக்கத்தில் நின்று பார்த்தவர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை என்பது. 1994-ஆம் ஆண்டுக் கட்டுரையும், இத்தகைய அமைப்புகள் ஓடுவதற்கு இறுதியில் ஒரு மனித நிர்வாகியின் கவனமே ஆதாரம் என்று சுட்டத் தவறவில்லை. எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கவனம் உடையவராக இருந்தவர், நாங்கள் பழி சுமத்திய மனிதரே.